கட்டிலில் யாருக்கு இடம்? நாய் வளர்க்கும் வீடுகளிலிருந்து சில கேள்விகள்

நாய் வளர்க்கும் தம்பதிகள் எழுதலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் நாயைப் பற்றிய புகாரைவிட வீட்டுக்காரரைப் பற்றியும் வீட்டுக்காரியைப் பற்றியும்தான் புகார் அதிகம். அதனால் கீழே உள்ள பதில்களில் சில இரண்டு கால் ஜீவன்களுக்கானவை.

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் கணவர் ஒரு லாப்ரடார் வளர்க்கிறார். இரவு அது எங்கள் கட்டிலில், அதுவும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கும். நான் இறக்கிவிட்டால் அவர் மெத்தையைத் தட்டிக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்கிறார். எனக்குத் தூக்கமே போச்சு. கேட்டால், 'உனக்கு முன்னாடியே அவன் இந்த வீட்டுக்கு வந்துட்டான்' என்கிறார். நான் என்ன செய்வது?
வாசகி, கோவை

பதில்: அந்த வசனத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள பஞ்சாயத்து, நாய்க்கு அதில் பங்கில்லை. அதைப் பேசுவதற்கான நேரம் இரவு பதினோரு மணியும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் நிதானமாக உட்கார்ந்து, 'அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது' என்று சொல்லுங்கள், அந்த நேரத்தில் கட்டில் பேச்சையே எடுக்காதீர்கள்.

இப்போது நாய்க்கு வருவோம். நீங்கள் இறக்குவதும் அவர் ஏற்றுவதும்தான் இங்கே கோளாறு. கட்டிலில் இடமே கிடையாது என்றால் நாய் கொஞ்ச நாளில் ஆசையை விட்டுவிடும். எப்போதும் உண்டு என்றால் அது வேறு விதம். சில நாள் உண்டு, சில நாள் இல்லை என்று வைத்தால்தான் அது ஓயாமல் முயற்சி பண்ணிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் இன்றைக்கு யோகம் அடித்தாலும் அடிக்கலாம் என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள் இரண்டு பேரும்தான். அதனால் முடிவு எதுவாக இருந்தாலும் அது இருவருக்கும் ஒரே முடிவாக இருக்கட்டும், சொல்லும் வார்த்தையும் ஒன்றாகவே இருக்கட்டும். நீங்கள் 'இறங்கு' என்றும் அவர் 'கீழே போடா செல்லம்' என்றும் சொன்னால் அதற்கு ஒன்றும் புரியாது.

அவரை வழிக்குக் கொண்டுவர ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கிறது. லாப்ரடார் இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. வளர்ந்த ஆண் நாய் சாதாரணமாகவே 30 கிலோ வரும், நம் வீடுகளில் ஊட்டுகிற ஊட்டலுக்கு அதற்கு மேலும் போகும். அந்த எடையோடு தினமும் உயரமான கட்டிலிலிருந்து வழுக்கும் டைல்ஸ் தரையில் தொப்பென்று குதிப்பது மூட்டுக்கு நல்லதே அல்ல. 'என் தூக்கம் போகிறது' என்றால் சிரிக்கிற மனிதர், 'வயசானா இவனால எழுந்து நடக்க முடியாது' என்றால் நின்று கேட்பார். இது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பலிக்கும்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. அவர் படுக்கும் பக்கத்தில், கை தொங்கவிட்டால் தொடுகிற தூரத்தில் நாய்க்கு இடம் போடுங்கள். முதல் நாளே ஹாலுக்கோ பால்கனிக்கோ தள்ளாதீர்கள், ராத்திரி முழுக்கக் கதவைப் பிறாண்டும், மூன்றாம் நாள் அவரே திறந்துவிடுவார். கடையில் விற்கிற பஞ்சுப் படுக்கை நம் ஊர் வெயிலுக்குச் சுடும், இரண்டு படலம் ரோமம் உள்ள நாய் அதை விட்டுவிட்டுத் தரையைத்தான் தேடும். மின்விசிறிக்குக் கீழே ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டாலே போதும். அது அங்கே போய்ப் படுக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி கிடைக்கட்டும், கொடுப்பது அவர் கையாக இருக்கட்டும். கட்டிலில் ஏறினால் திட்டு வேண்டாம், பேச்சும் வேண்டாம், இறக்கிவிட்டு அந்த இடத்தைக் காட்டுங்கள், அவ்வளவுதான். ஒரு வாரம் உங்கள் தூக்கம் இன்னும் கெடும், அதற்குத் தயாராக இருங்கள்.

விடிந்த பிறகு, எல்லாரும் விழித்ததும், கூப்பிட்டால் மட்டும் கட்டிலுக்கு வரலாம் என்று ஒரு சலுகை வைத்துக்கொண்டால் அவர் முகமும் வாடாது. கூப்பிட்டால் மட்டும், அதை மறக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், வயது இரண்டு. நாங்கள் கிளம்பியதும் ஊளையிடுகிறதாம். அபார்ட்மெண்ட் சங்கம் 'நாயை அகற்றவும்' என்று கடிதம் கொடுத்துவிட்டது. சட்டப்படி அவர்களால் முடியுமா? மனைவி அழுகிறாள்.
வாசகர், பெரம்பூர்

பதில்: சட்டம் உங்கள் பக்கம்தான். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. இப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சட்டம் பேசப் போனால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

ஆனால் அந்த உத்தரவை நகலெடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டு மணியை அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் பகல் முழுக்க ஊளை கேட்கிறவர் பொய் சொல்லவில்லை, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவராகவும் இருக்கலாம். 'சத்தம் உண்மைதான், ஒரு மாதம் டைம் கொடுங்கள், எந்த நேரத்தில் குரைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் உதவியாக இருக்கும்' என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவரிடமே உதவி கேட்டால் பாதிச் சூடு இறங்கிவிடும்.

அடுத்து, அது ஏன் சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் வைத்து வீடியோ எடுங்கள். நீங்கள் கதவைச் சாத்திய முதல் அரை மணி நேரத்திலேயே அங்குமிங்கும் அலைந்து, எச்சில் ஒழுக்கி, கதவைப் பிறாண்டி ஊளையிட்டால் அது தனிமைப் பயம். நன்றாகத் தூங்கிவிட்டு லிஃப்ட் சத்தத்துக்கும் கூரியர் பையனுக்கும் மட்டும் எழுந்து குரைத்தால் அது காவல் குரைப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இரண்டாவதற்கு வாசல் பக்கம் போக முடியாதபடி உள்ளறையில் விட்டு, ரேடியோவை மெதுவாகப் போட்டுவைத்தாலே பெரும்பாலும் குறையும்.

முதலாவதற்குத்தான் பொறுமை வேண்டும். சாவியை எடுப்பதும் செருப்பை மாட்டுவதும் அதற்கு அபாயச் சங்கு மாதிரி. அதனால் சும்மா இருக்கும்போது சாவியை எடுங்கள், திரும்ப வைத்துவிட்டு டீ குடியுங்கள். கதவைத் திறந்து மூடிவிட்டு உள்ளேயே நில்லுங்கள். அப்புறம் வெளியே போய் உடனே திரும்புங்கள், அது பதறுவதற்கு முன்பே. அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து 'அம்மா வந்துடுவேன் தங்கம்' என்று விடைபெறும் சீன் வேண்டாம், வந்ததும் அதே கூத்து வேண்டாம். காலையில் அரை மணி நேரமாவது நடக்க விடுங்கள். நடை என்றால் இழுத்துக்கொண்டு ஓடுவது அல்ல, ஒவ்வொரு கம்பத்தையும் அது மோந்து பார்க்க விட்டுக் காத்திருப்பது. மூக்குக்கு வேலை கொடுத்தால் உடம்பும் அசந்துபோகும்.

இதெல்லாம் பலிக்கிறவரை பகல் முழுக்க அதைத் தனியாக விடாமல் இருக்க வழி பாருங்கள். ஒருவர் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வருவதும் மற்றவர் தாமதமாகக் கிளம்புவதும் முடிந்தால் தனிமை கணிசமாகக் குறையும். மதியம் ஒரு தடவை வந்து வெளியே கூட்டிப்போக நம்பகமான ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். பயம் ரொம்ப முற்றியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள், அதற்கு மாத்திரைகளும் உண்டு, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் மனைவி என்னைவிட நாயிடம்தான் அதிகம் பேசுகிறாள். இது சரியா?
வாசகர், திருச்சி

பதில்: நாய் செல்போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவதில்லை.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். நாய் முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் எங்கள் பொமரேனியனை யாருக்காவது கொடுக்கச் சொல்கிறார். கணவர் வாயே திறக்கவில்லை.
வாசகி, மதுரை

பதில்: முடி மூலமாகக் கருவுக்கு எதுவும் ஆகிவிடாது. உங்கள் மாமியார் கேள்விப்பட்டது பெரும்பாலும் டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பற்றியதாக இருக்கும். அது கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானதுதான், ஆனால் அதன் முட்டைகளைக் கழிவில் வெளியேற்றுவது பூனை இனம், நாய் அல்ல. சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும்கூட அது வரலாம். நாயிடமிருந்து கவனிக்க வேண்டியது உருண்டைப் புழு. மருத்துவர் சொல்கிற இடைவெளியில் குடற்புழு மருந்து, வருடா வருடம் தடுப்பூசி, உண்ணி இல்லாமல் பார்ப்பது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இவ்வளவும் இருந்தால் போதும். கழிவு அள்ளுவதை இனிமேல் கணவர் செய்யட்டும், வாய்க்குத்தான் வேலை இல்லை, கைக்காவது இருக்கட்டும்.

அவர் பேசியே ஆக வேண்டிய ஒரு இடமும் உண்டு. அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் அழைத்துப் போய், மகப்பேறு மருத்துவரிடம் இந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல. மருமகள் சொன்னால் வாதம் ஆகிவிடும், டாக்டர் மகனிடம் சொன்னால் தகவல்.

இன்னொன்று. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், நாய் உங்களைப் பல மாதம் பார்க்காது, திரும்பி வரும்போது கையில் ஒரு புது ஆள் இருப்பார். அதற்கு இப்போதே ஆரம்பியுங்கள். தொட்டில் கட்டப்போகிற அறைக்குள் நாய் வரக்கூடாது என்றால் இந்த வாரமே நிறுத்துங்கள், குழந்தை வந்த அன்று நிறுத்தினால் நாயின் கணக்கில் பழி குழந்தை மேல் விழும். சோறு போடுவதையும் வாக்கிங்கையும் படிப்படியாகக் கணவர் கைக்கு மாற்றுங்கள். அவர் உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் குழந்தைக்குச் சுற்றிய துணியைத் துவைக்காமல் எடுத்துப் போய் நாயை மோந்து பார்க்க விடட்டும். வீடியோ காலில் காட்டுவதால் பிரயோசனம் இல்லை, நாய்க்கு ஆள் அடையாளம் வாசனைதான்.

குழந்தை வந்த பிறகு ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், பால் பொங்குகிறது என்று அடுப்படிக்கு ஓடுகிற அந்த நிமிடத்துக்குக்கூட இரண்டையும் தனியாக ஒரே அறையில் விடாதீர்கள்.

கேள்வி: நாய்க்கு என்ன போட்டாலும் வீட்டில் சண்டை. நான் தயிர் சாதம் என்கிறேன், அவர் மட்டன் எலும்பு என்கிறார். அது குண்டாகிக்கொண்டே போகிறது.
வாசகி, திண்டுக்கல்

பதில்: வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், அதனால் இந்தச் சுற்றில் அவர் தோல்வி. நீங்களும் முழுசாக ஜெயிக்கவில்லை, அரிசியை மட்டும் நம்பி வளர்த்தால் புரதம் போதாது. முட்டை, கோழி, மீன் என்று ஏதாவது சேர வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும், எனவே சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் எல்லாம் வேண்டாம். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சையும் அதில் சேர்த்தி. சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கிற சைலிட்டால் மிக மோசமான விஷம். மனிதர்களுக்கான பாராசிட்டமாலைக் காய்ச்சலுக்கு என்று நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

குண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரட்டைச் சாப்பாடு. நீங்கள் ஏழு மணிக்குப் போட்டிருப்பீர்கள், அவர் எட்டு மணிக்கு வந்ததும் அது பட்டினி கிடந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும், அந்த நடிப்புக்கு யார்தான் மயங்க மாட்டார்கள்! சோறு போட்டவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்திருந்தால் சாப்பாடு ஆயிற்று.

கேள்வி: உண்ணி தொல்லை தாங்கவில்லை. மண்ணெண்ணெய் தடவலாம் என்கிறார் கணவர். நான் நாயை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.
வாசகி, விழுப்புரம்

பதில்: மண்ணெண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும், நக்கினால் உள்ளேயும் விஷம். கூடவே கூடாது. நாயை வெளியே கட்டுவதாலும் தீராது, ஏனென்றால் உண்ணி தன் வாழ்நாளில் அதிக நேரம் இருப்பது நாய் மேல் அல்ல, உங்கள் வீட்டில். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டால் திரும்பத் திரும்ப ஏறும். மாத்திரையா கழுத்தில் விடும் சொட்டு மருந்தா என்று எடையைச் சொல்லி மருத்துவரிடம் வாங்குங்கள், அதே நாளில் விரிசல்களைப் பூசி, படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி, பூச்சி மருந்தும் அடியுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

சாப்பிடாமல் சுருண்டு படுத்து, காய்ச்சலோடு ஈறு வெளுத்துப் போனால், அல்லது மூக்கில் ரத்தம் வந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அன்றே எடுத்துவிடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: பொங்கலுக்கு நாயோடு ரயிலில் ஊருக்குப் போக முடியுமா? ஏசி த்ரீ டயரில் டிக்கெட் எடுத்துவிட்டோம்.
வாசகர், தாம்பரம்

பதில்: அந்தப் பெட்டியில் முடியாது. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேவையோ நான்கு பேர் கேபினையோ முழுசாக நீங்களே எடுத்தால் மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் பார்சல் ஆபீசில் நாய்க்குத் தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டிதான். இருட்டு, சத்தம், காற்றும் குறைவு, என் நாயை நான் அதில் ஏற்ற மாட்டேன். தடுப்பூசி அட்டையும் மருத்துவர் சான்றும் கையில் இருக்கட்டும். பொங்கல் கூட்டத்தில் கூபே கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் கார் ஏற்பாடு பண்ண முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் நாய்க்குப் பழக்கமான ஆள் யாராவது உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவதற்கு இப்போதே சொல்லி வையுங்கள், போகி அன்று தேடினால் ஆள் கிடைக்காது.