கிர்க் சுடவில்லை, ஏவன் சுட்டான்

அன்புள்ள சார்,

ஸ்டார் ட்ரெக் இன்றும் பார்க்கவேண்டிய விண்வெளித் தொடர் என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி முதல் சீசனில் பாதிவரை பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பள்ளி ஆண்டுவிழா நாடகம் போல இருக்கிறது. எல்லோரும் நல்லவர்கள், கடைசியில் ஒரு சிரிப்பு, கப்பல் கிளம்பிவிடும். பிறகு நண்பர் ஒருவர் சொல்லி பிளேக்ஸ் 7 என்ற பிரிட்டிஷ் விண்வெளித் தொடரை ஆரம்பித்தேன். 52 எபிசோடையும் ஒரே மாதத்தில் முடித்தேன். கடைசி எபிசோட் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. மனிதனைப் பற்றி உண்மையைச் சொல்வது இதுதானே? நம்பிக்கை சின்னப் பிள்ளைகளுக்கு, அவநம்பிக்கை வளர்ந்தவர்களுக்கு என்று சொல்லிவிடலாமா? ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு எதைக் காட்டுவது?

கா.

அன்புள்ள கா.,

ஆண்டுவிழா நாடகம் என்றதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டார் ட்ரெக்கில் பாறைகள் பாறை மாதிரி இருக்காது. ஆனால் பிளேக்ஸ் 7 மட்டும் என்ன வாழ்ந்தது? அதில் வரும் கிரகங்களில் பல, இங்கிலாந்தின் கல்குவாரிகள். அதை நீங்கள் கண்டுகொள்ளவில்லை. கதை கசப்பாக இருந்தது, மன்னித்துவிட்டீர்கள். கசந்தால் அது மருந்துதான் என்று நம் எல்லோருக்குள்ளும் ஒரு நினைப்பு உண்டு.

நம்பிக்கை அறியாமையிலிருந்து வருகிறது என்ற உங்கள் எண்ணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பகுதியில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், அதன்பின் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் வேலை பார்த்தவர். கப்பலை ஓட்டும் சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1942-ல், ஐந்து வயதில், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டவர். அடைத்தது அமெரிக்க அரசு. அதே நாட்டுத் தொலைக்காட்சியில் 1966-ல் அவர் விண்கப்பலின் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தார். வெளியே வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது, நகரங்களில் இனக்கலவரம். காலம் நன்றாக இருந்ததால் நல்ல கனவு கண்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

நீங்கள் பாதியில் நிறுத்தியதால் முதல் சீசனின் கடைசிப் பகுதியில் வரும் ஓர் எபிசோடைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 1967 மார்ச்சில் வந்தது, ஜீன் கூன் எழுதியது. 'இருளில் ஒரு பிசாசு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஜேனஸ்-6 என்ற கிரகத்தில் சுரங்க வேலை. ஏதோ ஒரு ஜந்து பாறையைக் குடைந்துகொண்டு வந்து தொழிலாளர்களை எரித்துக் கொல்கிறது. விண்கப்பலின் கேப்டன் கிர்க் ஆட்களோடு இறங்குகிறான். கொல்லவேண்டும் என்பதுதான் அவன் உத்தரவு. உயிரோடு பிடிக்கலாமே என்று இழுப்பவன் ஸ்பாக், அவனுடைய துணை அதிகாரி, பாதி வேற்றுக்கிரகவாசி.

சுரங்கத்துக்குள் கிர்க் தனியாக மாட்டிக்கொள்கிறான். எதிரே அந்த ஜந்து, ஹோர்ட்டா. உருகி வழிந்த தார் மாதிரி ஓர் உடம்பு. அதற்குக் காயம் பட்டிருக்கிறது. கிர்க் துப்பாக்கியை நீட்டினால் பின்வாங்குகிறது, கிட்டே வரவில்லை. செய்தி கேட்ட ஸ்பாக், "கொன்றுவிடுங்கள் கேப்டன், சீக்கிரம்" என்று பதறுகிறான். கொல்ல வேண்டாம் என்றவன் நண்பனுக்கு ஆபத்து என்றதும் கொல்லச் சொல்கிறான், கொல்லச் சொன்னவன் துப்பாக்கியை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். இதை எழுதியவருக்கு மனிதனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்களா?

பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. சுரங்க மேலாளர் மேஜையில் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் உருண்டைக் கல், ஹோர்ட்டாவின் முட்டை. ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அது செய்தது ஒரு தாய் செய்யும் காரியம். ஸ்பாக் அதன் மனத்தோடு தன் மனத்தை இணைத்த பிறகு, அது பாறையில் மூன்று சொற்களை எரித்து எழுதுகிறது. கொல்லாதே என்று கெஞ்சுகிறதா, கொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறதா, இரண்டுக்கும் பொருந்தும் உடைந்த இலக்கணம். கிர்க்கும் அந்தச் சந்தேகத்தைத்தான் கேட்கிறான்.

நான் இந்த எபிசோடை மதிப்பது இந்த உருக்கத்துக்காக மட்டும் அல்ல. சுரங்கத் தொழிலாளர்கள் கும்பலாக வரும்போது கிர்க் அவர்களிடம் அன்பைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் சுடுபவன் செத்தான் என்கிறான். அதற்கப்புறம் ஓர் ஒப்பந்தம்: ஹோர்ட்டாக்கள் பாறையைக் குடையும், நீங்கள் தாதுவை அள்ளிக்கொள்ளுங்கள். லாபக் கணக்கு சரியாக வந்ததும் சமாதானம் வந்துவிடுகிறது. ஆண்டுவிழா நாடகத்தில் இவ்வளவு விவரம் இருக்காது.

ஸ்டார் ட்ரெக்கின் பலவீனமும் இதே காட்சியில்தான் இருக்கிறது. சமாதானம் கிர்க்கின் துப்பாக்கியில் நிற்கிறது. அவன் நல்லவன், அவனை அனுப்பிய ஃபெடரேஷனும், அதாவது பல கிரகங்கள் சேர்ந்த கூட்டாட்சியும், நல்லது, சரி. அந்த ஃபெடரேஷன் கெட்டுப்போனால்?

டெர்ரி நேஷன் அங்கே ஆரம்பிக்கிறார். டாக்டர் ஹூ தொடரில் வரும் டேலெக் என்ற கொடிய எதிரிகளை உருவாக்கிய அதே ஆள். 1978 ஜனவரியில் பிபிசியில் பிளேக்ஸ் 7 வந்தபோது அதிலும் ஆட்சியின் பெயர் ஃபெடரேஷன். அதன் சின்னத்தைப் பாருங்கள், ஸ்டார் ட்ரெக் சின்னத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததுபோல் இருக்கும். இந்த ஃபெடரேஷன் மக்களின் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் மருந்து கலந்து அடக்கிவைக்கிறது. அதை எதிர்த்து நிற்கும் பிளேக் என்ற நேர்மையானவன் மேல் குழந்தைகளைக் கெடுத்தான் என்று பொய் வழக்குப் போடுகிறது.

ஆனால் அரசு கெட்டது என்பதோடு நின்றிருந்தால் நானும் நீங்களும் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். எதிர்க்கிறவனையும் தொடர் விடவில்லை. இரண்டாவது சீசன் முடிவில், பல உலகங்களின் தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கணினி மையத்தை அழிக்க பிளேக் கிளம்புகிறான். ஏராளமான பேர் சாவார்கள். குழுவிலிருக்கும் பெண் கேட்கிறாள், இது நியாயம்தானா? நியாயமாக இருந்தே ஆகவேண்டும், ஜெயித்தால்தான் நான் செய்தது சரி என்று எனக்கு உறுதியாகும் என்கிறான். நான் என்ற சொல்லை அவள் கவனிக்கிறாள், நாமும் கவனிக்கிறோம்.

நான்காவது சீசனில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய விண்கல எபிசோடையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. பிளேக்கின் குழுவைச் சேர்ந்த ஏவனும் வீலாவும் ஏறிய கலத்தில் கனம் கூடிவிட்டது, இன்னும் 70 கிலோ குறைத்தால்தான் தப்பிக்கலாம். வீலாவின் எடை 73 கிலோ என்று கணினி அமைதியாகச் சொல்கிறது. ஏவன் துப்பாக்கியோடு, குரலில் தேன் தடவி, வீலாவைக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறான். ஒளிந்திருக்கும் வீலா அழுகிறான். தொலைக்காட்சியில் இதைவிடக் கொடூரமான சில நிமிடங்களை நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் ஒரு துளி ரத்தம் கிடையாது. கனத்துக்குக் காரணமான பொருள் அகப்பட்டதும் ஏவன் அதைத் தள்ளிவிடுகிறான், இருவரும் பிழைக்கிறார்கள். வீலா மறுபடி அவனை எப்படி நம்புவான்?

நீங்கள் தூங்காத அந்தக் கடைசி எபிசோடுக்கு வருவோம். (1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால். பிபிசிக்கு நெஞ்சழுத்தம்தான்.) யாரையும் நம்பக்கூடாது என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஏவன், வெகுநாளாகப் பிரிந்திருந்த பிளேக்கைத் தேடி வருகிறான். பிளேக் வெகுமதி வேட்டைக்காரன் வேஷத்தில் இருக்கிறான், ஒவ்வொருவரையும் வேஷம் போட்டே சோதிக்கிறான். அந்தச் சோதனையை நிஜமென்று நம்பிய, ஏவனின் குழுவில் ஒருவன், பிளேக் நம்மை விற்றுவிட்டான் என்கிறான். ஏவன் துப்பாக்கியை நீட்டி, எங்களைக் காட்டிக்கொடுத்தாயா என்கிறான். அடுத்த மூச்சில், என்னைக் காட்டிக்கொடுத்தாயா என்கிறான். பிளேக், உனக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டே நெருங்குகிறான். மூன்று குண்டுகள்.

இந்தக் காட்சியையும் அந்தச் சுரங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் துப்பாக்கியோடு ஒருவன், எதிரே காயம்பட்ட இன்னோர் உயிர். கிர்க்கின் எதிரே நிற்பதற்கு வாயே கிடையாது, அவன் உட்கார்ந்துவிடுகிறான். பிளேக் வாய்திறந்து சொல்கிறான், ஏவனுக்குக் கேட்கப் பொறுமையில்லை. மனிதனைப் பற்றி இரண்டு தொடருக்கும் தெரிந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சில நொடிகள் வாய்த்ததைக் கூன் எழுதினார், வாய்க்காமல் போனதைக் கடைசி எபிசோடை எழுதிய கிறிஸ் பௌச்சர் எழுதினார். யாரையும் நம்பாதவன் 'என்னை' என்று கேட்பானா, கா.? நீங்கள் தூங்காமல் கிடந்தது உலகம் கெட்டது என்று தெரிந்துகொண்டதற்காக அல்ல, அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தீர்கள்.

மகனுக்கு முதலில் ஹோர்ட்டாவைக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, அந்த உருண்டைக் கல் என்னவாக இருக்கும் என்று கேளுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிளேக்ஸ் 7-ஐ இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள், முதல் எபிசோடில் வரும் வழக்கு அவன் வயதுக்கு அதிகம். வரிசையாகப் பார்க்கட்டும், நடுவில் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். தலைப்பிலேயே நான் போட்டு உடைத்துவிட்டதால் இந்தப் பதிலையும் அவன் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.