லத்தீன் முன்னொட்டு 'ஒப்' (ob) என்றால் 'எதிராக' என்று படித்தேன். அதில் தொடங்கும் அரிய ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு அது பொருந்தவில்லையே, ஏன்?

ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி மையத்தில் 'ஒப் என்றால் எதிராக' என்று போர்டில் எழுதிப்போட்டு, கீழே முப்பது சொல்லை அடுக்கி, நாளைக்கு ஒப்பிக்க வேண்டும் என்று அனுப்பியிருப்பார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தவறில்லை, அரைகுறை. 'எதிராக' என்று எழுதியதற்குப் பதில் வெறுமனே 'எதிர்' என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். தமிழில் எதிரியும் எதிர், எதிர்வீடும் எதிர். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோம், அவரோடு சண்டைக்கா போகிறோம்? லத்தீன் ஒப் இந்த இரண்டு வேலையையும் அப்படியே செய்கிறது. (லத்தீன் தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை. மொழியியல் படித்தவர்களும் கம்பை எடுக்காதீர்கள், இது நினைவில் வைக்க ஒரு வழி, அவ்வளவுதான்.)

ஆப்ஸ்டகிள் என்றால் தடை: எதிரே நிற்பது. பிரசவ மருத்துவத்துக்கு ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்று பெயர். அதுவும் அதே ஒப், அதே 'நில்' என்ற வினைதான். லத்தீனில் ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்றால் மருத்துவச்சி, பிள்ளை பெறுகிறவளுக்கு எதிரே நிற்பவள். வழியை மறித்து நிற்பதும் குழந்தையை ஏந்த நிற்பதும் ஒரே சொல்லிலிருந்து வந்திருக்கின்றன. ஆப்வியஸ் என்பது வழியில் எதிர்ப்படுவது, அதனால் தேடாமலே கண்ணில் படுவது. ஆப்நாக்ஷியஸ் என்று இப்போது சகிக்க முடியாத ஆளைச் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது தீங்குக்கு எதிரே நிற்பவன், அதாவது அடிபடக்கூடியவன் என்றுதான் பொருள். பாவப்பட்ட ஆளைக் கொண்டுபோய் வில்லனாக்கிவிட்டார்கள்.

சில இடங்களில் ஒப்பில் இருக்கும் b என்ற எழுத்து உருமாறிவிடும். கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை ஆவதுபோல, அடுத்து வரும் எழுத்துக்குத் தக்கபடி மாறும். ஆப்பர்ச்சூன் (opportune) என்பதில் b, p ஆகிவிட்டது; அதில் ஒளிந்திருப்பது ஒப்பும் துறைமுகமும்: கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளிவரும் காற்று. நல்ல வாய்ப்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் 'எதிர்' பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆப்ஃபஸ்கேட் என்பதில் மேலே இருட்டைப் பூசுவது, ஆப்லிட்டரேட் என்பதில் எழுத்தின் மேலேயே எழுதி அழிப்பது. இங்கெல்லாம் ஒப் என்றால் 'மேலே'.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1997ல் எங்கள் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச என்னை எழுப்பிவிட்டார்கள். நான்தான் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற ஆளாயிற்றே. ஒப் என்றால் எதிர், நோக்கி. செக்வி என்றால் பின்தொடர்வது. ஆக அப்சீக்வியஸ் என்றால் கடமையைப் பின்பற்றி நடப்பவர். இப்படிக் கணக்குப் போட்டு, பெரியவர் இருபத்தெட்டு வருடம் அப்சீக்வியஸாகச் சேவை செய்தார் என்று மைக்கில் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். மற்றவர்கள் கை தட்டினார்கள், பெரியவரும் கும்பிட்டார்.

இறங்கி வந்தபிறகுதான் சிரித்த அந்த அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். நான் பெரியவரை இருபத்தெட்டு வருடம் கூழைக்கும்பிடு போட்டவர் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் அகராதியைப் பிரித்தால், அதற்கு முந்தைய சொல் அப்சீக்வீஸ், ஈமச்சடங்கு. நான் பிரித்த விதம் சரிதான், ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் பணிவு, கடமையுணர்வு என்ற நல்ல பொருளில்தான் புழங்கியது, அப்புறம்தான் ஜால்ரா அர்த்தத்துக்கு இறங்கியது. நான் பேசியது ஒரு நானூறு வருடம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் அதை அந்த மனிதரிடம் போய் விளக்கவா முடியும்?

    

உங்கள் பட்டியலில் ஒபிலிஸ்க்கும் ஓபோவும் இருந்தால் அடித்துவிடுங்கள். முன்னது கிரேக்கத்தில் இறைச்சி வாட்டும் கம்பி, பின்னது பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மரக்குழலுக்கு வைத்த பெயர். இரண்டுக்கும் ஒப்போடு சம்பந்தமே இல்லை.