தாக்கல் ஆன மசோதா இன்னும் சட்டமில்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினராக வாழும் கொழிஞ்சாம்பாறையின் நண்பருக்கு, மொழிச் சிறுபான்மையினருக்காக ஒரு எம்.பி. மக்களவையில் தாக்கல் செய்த மசோதாவை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, அதைச் சட்டமென்று வில்லேஜ் ஆபீஸ் மனுவில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அது தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது, அதற்கென்று மக்களவையில் ஒதுக்கியிருப்பதே வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம்தான். அப்புறம் விவாதம், ஓட்டெடுப்பு, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல் எல்லாம் தாண்டணும். 1970-க்குப் பிறகு இப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை, அரசு தானே வேறொரு மசோதா கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. மக்களவை கலைந்தால் அங்கே கிடப்பில் இருப்பவை காலாவதியாகிவிடும்.

உங்கள் மனுவுக்கு அது தேவையே இல்லை. அரசியலமைப்பின் 350-வது பிரிவுப்படி, குறைதீர்ப்பு மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம். பதிலும் தமிழில் வரணும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, அதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். மேலே 350 என்று குறிப்பிட்டு, தமிழிலேயே கொடுத்து, கையோடு ரசீது வாங்கிவிடுங்கள்.