‘நூற்றுக்கு நூறு கிடேரி’ என்று விற்கும் சினை ஊசியை நம்பலாமா?

கேள்வி: எங்களிடம் மூன்று ஜெர்சி கலப்பினப் பசுக்கள் உள்ளன. சினை ஊசி போட வரும் தனியார் ஒருவர், “இது டி.என்.ஏ. ப்ரோப் வைத்துப் பிரித்த விந்து, நூற்றுக்கு நூறு கிடேரிதான்” என்று சொல்லி, வழக்கத்தைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: பாலினம் பிரித்த உறைவிந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன இரண்டுமே தப்பு.

காளையின் விந்தணு ஒவ்வொன்றிலும் 30 குரோமோசோம்கள். அவற்றில் ஒன்று எக்ஸ் அல்லது ஒய். எக்ஸ் என்றால் கிடேரி, ஒய் என்றால் காளைக்கன்று. எக்ஸ் உள்ள விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 3.8 சதவீதம் கூடுதல். விந்தணுவுக்கு ஹோக்ஸ்ட் 33342 என்ற சாயத்தை ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் எக்ஸ் கொஞ்சம் பிரகாசமாக மின்னும். இயந்திரம் அதைப் பார்த்துப் பிரிக்கிறது. அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர் 1989-இல் இப்படிப் பிரித்த விந்தில் முயல் குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். இன்று மாட்டுக்கு நடப்பதும் அடிப்படையில் அதுதான். கிடைக்கும் தூய்மை சுமார் 90 சதவீதம். நூறு என்று பொறுப்பான எந்த நிலையமும் எழுதித் தராது.

அப்படியானால் ப்ரோப் எதற்கு? அது ஒய் குரோமோசோமில் மட்டும் உள்ள டி.என்.ஏ. தொடரைத் தேடி ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சிறு துண்டு. விந்தணுத் தலையில் டி.என்.ஏ. மிக இறுக்கமாகச் சுருண்டிருக்கும். ரசாயனத்தால் தலையைத் தளர்த்தி, சூடாக்கி, இரண்டு இழைகளையும் பிரித்தால்தான் ப்ரோப் உள்ளே போய் ஒட்டும். அதற்குள் விந்தணு செத்திருக்கும். செத்ததை வைத்து எந்தப் பசுவுக்கு ஊசி போடுவது? ஆக, ப்ரோப் பிரிக்கிற கருவி அல்ல. பிரித்தது சரியா என்று ஒரு மாதிரியை எடுத்துச் சோதிக்கிற கருவி. இங்கே ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் போதாது. 200 விந்தணுக்களை எண்ணி 90 சதவீதம் எக்ஸ் என்று வந்தாலும், உண்மை அளவு 86-இலிருந்து 94-க்குள் எங்கும் இருக்கலாம்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சாதாரணக் குச்சியில் (ஒரு ஊசிக்கான உறைவிந்தை அடைத்த மெல்லிய குழாய்) சுமார் 2 கோடி விந்தணு இருக்கும்; பிரித்த குச்சியில் பெரும்பாலும் 20 லட்சம்தான். பிரிக்கும்போது அடியும் படுகிறது. அதனால் சினை பிடிப்பது குறையும். நல்ல உடல்நிலையில் உள்ள, இன்னும் ஈனாத கிடேரிக்குப் போடுங்கள். இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத பசுவுக்குப் போட்டால் காசுதான் போகும்.

விலை பேசுவதற்கு முன் அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். உள்நாட்டிலேயே உருவாக்கிய பிரிப்புத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகமானபோது, ஒரு குச்சிக்குச் சுமார் 200 ரூபாய் விலை குறையும் என்று அறிவித்தார்கள். ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் என்ற மத்திய அரசின் மாடு வளர்ப்புத் திட்டத்தில் மானியமும் உண்டு.

கேள்வி: ‘கிடேரி நிச்சயம்’ என்று ரசீதில் எழுதிக் கொடுத்த ஊசியில் காளைக்கன்று பிறந்துவிட்டது. மிச்சம் உள்ள குச்சியை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பி வழக்குப் போடலாமா?

பதில்: ஒரு காளைக்கன்றை வைத்து விந்து போலி என்று சொல்ல முடியாது. சரியான சரக்கிலும் பத்தில் ஒன்று அப்படித்தான் வரும். ஆனால் உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது: ‘நிச்சயம்’ என்று எழுதிய அந்த ரசீது. அதைப் பத்திரமாக வையுங்கள். தவறான வாக்குறுதி கொடுத்து விற்றதே புகாருக்குப் போதும்.

சோதனைக்குச் செலவு செய்வதாக இருந்தால், முதலில் கன்றைச் சோதியுங்கள். வால் முடியை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டால் ஆய்வகத்துக்குப் போதும். குச்சியில் எண் அச்சிட்டிருக்கும் காளையின் டி.என்.ஏ. பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று குச்சியே வேறு, அல்லது தெருக்காளை முந்திக்கொண்டது. இரண்டாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை! காலிக் குச்சியையும் தூக்கிப் போடாதீர்கள். காளை எண், நிலையம், தயாரித்த தேதி எல்லாம் அதன் மேல்தான் அச்சாகியிருக்கும்.

மிச்சக் குச்சியை நீங்களே வீட்டில் எடுத்து வைத்திருந்தால் பயனில்லை. மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கலனிலேயே இருந்தது என்று நிரூபிக்க வேண்டிவரும். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு மாடு வளர்ப்பவரை ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் அல்ல’ என்று சொல்லித் தள்ள முடியாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள், பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிகின்றன.