வாசகர் கேள்வி – பதில்: துண்டுச் சீட்டும் வரன் விளம்பரமும்

கேள்வி: நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். வாடிக்கையாளர் பில் வேண்டாம் என்றால், ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த விற்பனையைக் கணக்கில் காட்டாமல் விடும்படி முதலாளி சொல்கிறார். எங்கள் சபையில் கிறிஸ்தவ உலகப்பார்வை குறித்து வகுப்பு எடுத்தார்கள். படைப்பு, வீழ்ச்சி, மீட்பு எல்லாம் புரிந்தது. கடையில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் புரியவில்லை. (வாசகர், கோவில்பட்டி)

பதில்: வகுப்பில் கேட்டதைக் கடை மேசைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வீடு கட்டுகிறவனுக்குப் பெயின்டும் ஆணியும் விற்பது நல்ல தொழில். வேதம் வியாபாரத்தை எங்கும் இழிவாகப் பேசவில்லை, கள்ளத்தராசைத்தான் அருவருப்பு என்கிறது (நீதிமொழிகள் 11:1). துண்டுச் சீட்டுக்கு உங்கள் முதலாளியின் பேராசை மட்டும் காரணமல்ல. பெயின்டுக்கு 18 சதவீத வரி. பக்கத்துக் கடைக்காரர் அதை விட்டுக்கொடுத்து விற்கிறார். வாங்க வருகிறவரும், அவர் நம் சபை மூப்பராகவே இருந்தாலும், ‘பில் இல்லாமல் என்ன விலை?’ என்றுதான் கேட்கிறார். பாவம் தனிமனிதனின் நெஞ்சோடு நில்லாமல் ஒரு தெருவின் வழக்கமாகவே ஆகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பும் காட்டாது.

தானியேல் புத்தகத்தின் 6-ஆம் அதிகாரத்தைச் சிங்கக் கெபிக்காகவே வாசித்துப் பழகிவிட்டோம். அதன் முதல் வசனங்களில் தானியேல் செய்யும் வேலை உங்களுடையதைப் போன்றதுதான்: ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கும் பொறுப்பு. அவரைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் அந்த அலுவலில்தான் குற்றம் தேடினார்கள். அங்கே ஒன்றும் அகப்படாததால்தான் அவருடைய ஜெபத்தின் பக்கம் திரும்பினார்கள்.

இனி, செய்ய வேண்டியது. வாடிக்கையாளர் முன்னால் முதலாளியைத் திருத்த முயலாதீர்கள். தனியாக, பணிவாக, பொய்க் கணக்கில் என் கை படாது என்று சொல்லிவிடுங்கள். அதோடு ஒரு வழியையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையின் ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருந்து, விற்பனை மாநிலத்துக்குள்ளேயே நடந்தால், ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்துக்கு மாற முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்கலாம். அதில் வியாபாரி விற்றுமுதலில் 1 சதவீதம் செலுத்தினால் போதும்; வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாபமா நட்டமா என்று கணக்குப் போட்டுக் காட்ட உங்களைவிடத் தகுதியானவர் யார்? அதற்கும் அவர் இணங்காவிட்டால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். கிடைக்கும்வரை வீட்டு வாடகைக்கு என்ன வழி என்ற கேள்வியை உங்கள் போதகரிடம் கூச்சமின்றி வையுங்கள். உண்மையாய் இரு என்று பிரசங்கிக்கிற சபைக்கு அந்த உண்மையின் செலவில் பங்கு உண்டு.

கேள்வி: மகளுக்கு வரன் தேடுகிறோம். ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நம் இனத்தைச் சேர்ந்த மணமகன் தேவை’ என்று விளம்பரம் கொடுத்தோம். முதல் இரண்டும் பொருந்திய, நல்ல வேலையில் உள்ள பையன் ஒருவரை மகளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வேறு சாதி. சாதி பார்ப்பது ஊர் வழக்கம்தானே, விசுவாசத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (வாசகி, நாசரேத்)

பதில்: சகோதரி, மூன்று நிபந்தனைகளில் எது அமையாதபோது மனம் பின்வாங்குகிறதோ, அதுவே உங்கள் வீட்டை ஆளும் நிபந்தனை. முதல் இரண்டும் அமைந்தும் நீங்கள் தயங்குகிறீர்கள்.

ஊர் வழக்கம் என்ற வாதம் நம் சபைகளில் மிகப் பழையது. உங்கள் மாவட்டத்துக்கு அண்டையில், வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் பீடம் ஒன்று, மண்டபங்கள் இரண்டு; ஒரே பூசையைச் சாதிவாரியாகப் பிரிந்து நின்று காணும்படி இடையே சுவர் இருந்தது. 1910-இல் அது இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. சீர்திருத்த சபையாரும் சிரிக்க இடமில்லை. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே விட்டொழிக்க வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் பெருங்கூட்டம் அதற்கு இணங்க மறுத்தது. இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியவர். அவருடைய பக்தியை நான் ஐயப்படவில்லை. பாட்டில் முழுதாய் நிறைந்திருக்கும் விசுவாசம் பந்தியிலும் சம்பந்தத்திலும் நுழையாமலே ஒரு வாழ்நாள் கழிந்துவிடக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். சுவரின் இருபுறத்தாரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைத்தான் சொன்னார்கள்.

ஆகவே பையனின் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள். அவருக்குக் கடன் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார், தாயிடம் எப்படிப் பேசுகிறார் என்று விசாரியுங்கள். இவற்றில் குறை தெரிந்தால் தாராளமாக மறுக்கலாம். மகள் வேண்டாம் என்றாலும் அதோடு விட்டுவிடலாம். சாதியை முன்னிட்டு மட்டும் மறுப்பீர்களானால், அதற்கு வேதத்திலிருந்து காரணம் காட்ட என்னால் முடியாது. அடுத்த விளம்பரத்தில் முதல் இரண்டு நிபந்தனைகளை எடுத்துவிடுவது நேர்மையாக இருக்கும்.

கேள்வி: ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நான் சமைப்பதில்லை, வீட்டில் வேலை செய்யும் அம்மாளே வந்து சமைத்துவிடுவார். இது சரியா? (வாசகி, சென்னை)

பதில்: உபாகமம் 5:14-ஐ முழுவதும் வாசியுங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது. ஞாயிறோ வேறு நாளோ, அவருக்கு வசதியான நாளைக் கேட்டு, சம்பளத்தில் பிடிக்காமல் வாரம் ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள். சனிக்கிழமை வைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கும் தாங்கும்.