பழைய ரெக்கவரி வண்டி மாடல் கிட்: எங்கே தேடுவது, எப்படிக் கட்டுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பழைய காலத்து டோ டிரக்கின் (ரெக்கவரி வண்டி) ஸ்கேல் மாடல் கிட் வாங்கிக் கட்ட ஆசை. எங்கே கிடைக்கும், எப்படித் தொடங்குவது?

பர்மா பஜார் பக்கம் அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள். ரிமோட் கார், டை-காஸ்ட் பொம்மை எல்லாம் கண்ணில் படும். பசை போட்டு ஒட்டிக் கட்டும் கிட், அதிலும் ரெக்கவரி வண்டி, நான் பார்த்தவரை அங்கே இல்லை. இணையத்தில்தான் தேட வேண்டும். ‘டோ டிரக்’ என்பதோடு ‘ரெக்கர்’ என்றும் போட்டுத் தேடுங்கள், பெட்டிகளில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் பீட்டர்பில்ட் 359 லாரி ரெக்கர் 1/25 அளவு (அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு), இத்தாலெரி நிறுவனத்தின் அமெரிக்க ரெக்கர் 1/24. ராணுவ வண்டி பிடிக்கும் என்றால் இரண்டாம் உலகப்போர் கால டைமண்ட் டி 969, 1/35-இல் வந்திருக்கிறது. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் விலை கண்ணைக் கட்டும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ சொந்தக்காரர் இருந்தால், ஊருக்கு வரும்போது பெட்டியில் ஓர் ஓரம் கேட்டு வைப்பதுதான் உத்தமம்.

முதல் பதிப்புப் பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். மறுவெளியீட்டில் அதே அச்சில் வார்த்த பாகங்கள்தான் வருகின்றன. பழைய பெட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: மெத்தென்ற வினைல் டயர், கூடவே கிடக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஆண்டுக்கணக்கில் மெல்ல உருக்கிவிடும். எந்த கிட் வந்தாலும் முதல் வேலையாக டயரைத் தனி உறையில் போடுங்கள். டெக்கால் (வண்டியில் ஒட்டும் எழுத்து, படத் தாள்) மஞ்சளாகியிருந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு நன்றாகவே வெளுக்கும்.

அப்புறம், கட்டுவதற்கு முன் பின்பக்கத்து இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் லாரியின் முகப்பு வெறும் அலங்காரம். அமெரிக்காவின் சட்டநூகா ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் 1916-இல், ஓடையில் விழுந்த ஒரு காரைத் தூக்கப் பல ஆட்களோடு மணிக்கணக்கில் திண்டாடினார். அதற்குப் பிறகு 1913 காடிலாக் கார் ஒன்றின் மேல் மூன்று கம்பம், கப்பி, சங்கிலி பொருத்தி அவர் செய்ததுதான் இந்த வண்டிகளுக்கெல்லாம் மூத்தது. பின்னாளில் அவர் நிறுவனத்தின் அடையாளமாக ஆனது இரட்டை பூம் (தூக்கும் கை). ஏஎம்டி பீட்டர்பில்ட்டின் முதுகில் இருக்கும் ஹோம்ஸ் 750 அந்த வகைதான். இரண்டு பூமையும் சேர்த்து நேராகத் தூக்கலாம். பிரித்து, ஒன்றை இந்தப் பக்கம் மரத்திலோ வேறு வண்டியிலோ கட்டி, மற்றதால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும் லாரியை இழுக்கலாம். இழுக்கிற வண்டி கவிழாமல் நிற்பது அந்தக் கட்டினால்தான். இது புரிந்தால் எந்த ரோப் எந்தக் கப்பி வழியாக ஓடும் என்பதைப் படம் பார்க்காமலே கோத்துவிடுவீர்கள்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர் மக்கர் பண்ணி நிற்காத நாள் அபூர்வம். தூக்க வரும் வண்டி ஹோம்ஸ் இல்லைதான், ஆனாலும் வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் உருளை), ரோப், கொக்கி சங்கதி ஒன்றே. டிரைவரிடம் "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கிரீஸ் எங்கே வழிகிறது, பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது, ரோப் உரசும் இடம் எப்படிப் பளபளக்கிறது என்று பாருங்கள். துரு மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள். கடல் காற்றில் ஊறிய நம்ம வண்டியின் துருவை அமெரிக்க வண்டிக்கு அப்படியே பூசினால் பொருந்தாது, அங்கே பலர் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள்.

கிட்டோடு வரும் நூலைத் தூக்கிப் போட்டுவிடலாம், பிசிறு தெரியும். காசிமேட்டில் கிடைக்கும் நைலான் தூண்டில் நரம்பும் சரிப்படாது. விறைத்து நிற்கும், தொங்காது. பழைய ஒயரை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளை டிரில்லில் மாட்டி முறுக்குங்கள். அசலில் 16 மி.மீ. தடிமனான ரோப் என்றால் 1/25-இல் சுமார் 0.64 மி.மீ. வரவேண்டும். கறுப்படித்து, பென்சில் தூளை விரலால் தேய்த்தால் எஃகு ரோப்தான். சங்கிலிக்கு சௌகார்பேட்டை கவரிங் கடைகளில் இருப்பதிலேயே மெல்லியதாகக் கேளுங்கள்.

பூமை ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், ரோப்பை இழுத்துக் கட்டும்போது மூட்டு பட்டென்று விட்டுவிடும். பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கும் மாடல் சிமென்ட்தான் தாங்கும். ஹார்டுவேர் கடை தின்னரைப் பாகங்களின் மேல் தேய்க்கவும் கூடாது, மேல்பரப்பு வெடித்துப் போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லேக்கர் ஸ்பிரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும், ஆகவே மழைக்காலத்தில் வண்டியின் அடிச்சட்டம், வின்ச் வேலையை முடித்துக்கொண்டு பெயின்ட்டைத் தைக்குத் தள்ளிவிடுங்கள்.

முதல் கிட்டாக பீட்டர்பில்ட்டை எடுக்காதீர்கள். 25 அடி லாரி 1/25-இல் ஓர் அடி நீளம், பாகங்களும் ஏராளம். விலை குறைந்த ஒரு சாதாரண கார் கிட்டில் கை பழகட்டும். அந்த இடைவெளியில் பீட்டர்பில்ட் மறுவெளியீடு எங்காவது நியாயமான விலைக்கு வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.