தலைகீழ் டேபிளும் முதுகுவலியும்: பிசியோவிடம் கேளுங்கள்

இன்வெர்ஷன் டேபிள் என்பது கணுக்காலைப் பூட்டிக்கொண்டு, தலை கீழே வரும்படி சாய்ந்து தொங்கும் பலகை. முதுகுவலிக்காக அதை வீட்டுக்கு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் முதுகுத்தண்டு நோயாளிகளையே அதிகம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்.

ஈரோட்டுக்காரர்: எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது. இடது காலில் சுரீர் என்று இழுக்கிறது. தொங்கினால் டிஸ்க் உள்ளே போய்விடுமா?

போய்விடும் என்று டேபிள் விற்பவர் சொல்லுவார். தொங்கும்போது எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும், நரம்பின் நெருக்கல் தளரும். எழுந்து நின்றதும் பாரம் பழையபடி ஏறிவிடும். அந்தக் கொஞ்ச நேர நிம்மதியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் லாபம்தான்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த ஒரு சிறு ஆய்வு 2012-ல் வெளிவந்தது. டிஸ்க் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில், பிசியோவுடன் தலைகீழ் சிகிச்சையும் எடுத்த 13 பேரில் 10 பேர் ஆபரேஷனில் இருந்து தப்பினார்கள். பிசியோ மட்டும் எடுத்தவர்களில் 2 பேர்தான். விளம்பரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு மறு வருடமே ஒரு தொகுப்பை வெளியிட்டது. முதுகை இழுத்துவிடும் இழுவை சிகிச்சை பற்றிய 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இடுப்புவலிக்குப் பெரிய பலன் இல்லை என்றது. டிஸ்க்கால் வரும் கால்வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆக, டேபிள் துணைதான். கண் பிரஷர், பி.பி. இரண்டையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மதுரைக்காரர்: முழுசாகத் தலைகீழாகத் தொங்கினால்தான் பலனா?

இல்லை. 70 கிலோ ஆளுக்கு இடுப்புக்கு மேலே சுமார் 40 கிலோ இருக்கும் என்று வையுங்கள். படுக்கை மட்டத்தில் இருந்து தலைப்பக்கம் 30 டிகிரி சாய்ந்தாலே அதில் பாதி, 20 கிலோ, இடுப்பை இழுக்கும். முதுகு பலகையில் உரசுவதால் அதில் கொஞ்சம் குறையும். 60 டிகிரியில் 35 கிலோவை நெருங்கிவிடும். அதற்கு மேல் போனால் இழுவை பெரிதாக ஏறாது, தலைக்கு ஏறும் ரத்தம்தான் கூடும். முதல் வாரம் 20 டிகிரி, ஒரு நிமிடம், பக்கத்தில் ஒரு ஆள். திரும்பி வரும்போது படுக்கை மட்டத்தில் நிறுத்தி, மூச்சு சீரான பிறகு எழுந்திருங்கள். சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

தஞ்சாவூர் அம்மா: கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். கொஞ்சமாகச் சாய்ந்தால் பரவாயில்லையா?

வேண்டாம்மா.

யோகா ஆசிரியர் ஒருவர்: சிரசாசனம் இருக்க, மெஷினுக்கு எதற்குக் காசைக் கொட்டுவது?

இரண்டும் ஒன்றல்ல சார். சிரசாசனத்தில் பாரம் கீழே, தலையிலும் கழுத்திலும் இறங்குகிறது. இடுப்பு எலும்புகளின் மேல் இரண்டு கால்களும் உட்கார்ந்திருக்கும். உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே இழுவை ஏது? நசுக்கல்தான்.

அவரே: காலங்காலமாகச் செய்வதைக் குறை சொல்கிறீர்கள்.

ஆசனத்தைக் குறை சொல்லவில்லை, டிஸ்க் வலிக்கு அது மருந்தல்ல என்கிறேன். கண் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே ரகம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் பழகியவர்களிடம் அளந்து 2006-ல் வெளியிட்டார்கள்: தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. பழக்கம் இருந்தாலும் அது ஏறத்தான் செய்கிறது.

கோவைக்காரர்: அப்படியென்றால் யோகா குரு பி.கே.எஸ். ஐயங்கார் முறையில் சுவரில் கயிறு கட்டித் தொங்குவார்களே, அது?

இது கேள்வி! அந்தக் கயிறு தொடையிடுக்கில் தாங்குகிறது, தலை தரையைத் தொடாது. கழுத்துக்குப் பாரமில்லை, மேலுடம்பு முழுக்க இடுப்பை இழுக்கும். டேபிளில் கணுக்காலும் முட்டியும் வாங்கும் இழுப்புகூட இதில் கிடையாது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த வகையில் கயிறே மேல். ஆனால் சாய்வைக் குறைக்க முடியாது, நேராக 90 டிகிரிதான். சொல்லிக்கொடுக்கும் ஆள் இல்லாமல் வீட்டுக் கொக்கியில் முயலக் கூடாது. யோகா சாருக்கு இப்போது சமாதானமா?

யோகா ஆசிரியர்: பாதி.

சரி, பாதியே போதும்.

சேலத்துக்காரர்: எனக்கும் பல்ஜ். எத்தனை டிகிரி?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

நெல்லைக்காரர்: பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது நார்மல். தொங்கலாமா?

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். எலும்பு மெலிவு, இதய நோய், கர்ப்பம், பக்கவாதம் வந்தவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஒவ்வொருவராகக் கேட்க வேண்டாம்.

திருச்சிக்காரர்: இரண்டு நாளாகத் தொடையிடுக்கில் மரத்திருக்கிறது, சிறுநீர் வருவதே தெரியவில்லை. டேபிள் உதவுமா?

டேபிளைத் தொடாதீர்கள். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கட்டு நசுங்கினால் இப்படி வரும். அதற்கு ஆபரேஷன் தாமதமானால் மரத்தது மரத்ததாகவே இருந்துவிடலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் போனவர்களும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னைப் பையன்: உயரம் கூடுமா?

கூடாது.

வேலூர்க்காரர்: பழைய டேபிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

கணுக்கால் பூட்டை மாட்டி, நன்றாக ஆட்டிப் பாருங்கள். பல் தேய்ந்து நழுவினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சாய்வைக் கட்டுப்படுத்தும் பட்டை தொலைந்திருந்தால் பலகை எந்த இடத்தில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் எடையைத் தாங்குமா என்று சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள், உயரக் கம்பியை உங்கள் அளவுக்கு மாற்றுங்கள். போன ஆளின் அளவிலேயே ஏறினால் தலைப்பக்கம் தடாலென்று போய்விடலாம். அப்புறம், கண் பிரஷர் பார்த்தாச்சா?